வேலை மாறிய ஆண்டில் வீடு கற்பித்த பாடம்

வேதபகுதி: உபாகமம் 6:4-9, லூக்கா 2:39-52



ஆண்டின் கடைசி இரவு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் நம்மில் பலருக்குப் பிரியமானது. புதிய வீடு, பதவி உயர்வு, பிள்ளையின் மதிப்பெண், நெடுநாள் காத்திருந்த குழந்தை என்று ஒவ்வொருவராக எழுந்து தேவன் செய்த நன்மைகளைச் சொல்லி ஸ்தோத்திரிக்கிறார்கள். அவை யாவும் நன்றிக்குரியவையே. ஆயினும் அந்த நேரத்தில் எழுந்திருக்கத் தயங்கி இருக்கையிலேயே அமர்ந்திருப்பவர்களும் நம் நடுவே உண்டு. ஓராண்டுக்குள் இரண்டு முறை வேலை மாறியவர்கள், முன்பைவிடக் குறைந்த சம்பளத்தோடு ஆண்டை முடிக்கிறவர்கள், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பிறர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சோர்ந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் சொல்வதற்குச் சாட்சி இல்லையா? உண்டு. சில வேளைகளில் சபை அதிகமாய்க் கேட்கவேண்டிய சாட்சி அவர்களுடையதே என்பது என் கருத்து. பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் கற்பிக்கும் ஒரு குடும்பத்தின் ஓராண்டை முன்வைத்து இதை விளக்க விரும்புகிறேன்.

அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் தவிர்த்துவிட்டேன். அவர்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்த மகளுக்கு வயது 15, மகனுக்கு 11, கடைக்குட்டிக்கு 7. ஐந்து ஆண்டுகளாக வீட்டில்தான் படிப்பு. காலையில் குடும்ப ஜெபம், அதன்பின் கணிதமும் தமிழும் ஆங்கிலமும், பிற்பகலில் அறிவியலும் கைவேலையும் என்று சுவரில் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கும். பிப்ரவரி மாதத்தில் தகப்பன் பணிபுரிந்த பிரிவையே நிறுவனம் மூடிவிட்டது. மூன்று மாதங்கள் வீட்டில் சம்பளமில்லை. மே மாதத்தில் வேறோர் ஊரில் ஒப்பந்த வேலை கிடைத்தது. சனிக்கிழமை இரவு வீடு வந்து, ஞாயிறு ஆராதனை முடித்து, இரவில் மறுபடியும் பேருந்து ஏறுவார். வருமானம் போதாமல் ஆகஸ்டில் தாயும் பகுதி நேர வேலைக்குச் சென்றார். அக்டோபரில் சொந்த ஊரிலேயே தகப்பனுக்கு நிரந்தர வேலை அமைந்தது. சம்பளம் பழையதைவிடக் குறைவு. இதற்கிடையில் சுவரிலிருந்த அட்டவணை நான்கு முறை மாற்றி எழுதப்பட்டது.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது தடுமாற்றமாகவே தோன்றும். அன்போடும் ஐயத்தோடும் சபையார் என்னிடம் கேட்ட கேள்விகள் இரண்டு. இது சட்டத்துக்கு உட்பட்டதா? பிள்ளைகளின் எதிர்காலம் என்னவாகும்? இந்தக் கேள்விகளை ஒதுக்கிவிடலாகாது. பிள்ளைகள்மீது சபைக்கு அக்கறை இருப்பதால்தான் இவை எழுகின்றன.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயதுவரை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவசக் கல்வி அளிக்கும் கடமையை அது அரசின்மேல் சுமத்துகிறது. பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆம் பிரிவு கூறுகிறது. அந்தக் கடமையைச் செய்யாத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் விதிக்கவில்லை. வீட்டுவழிக் கல்வியைப் பற்றி வெளிப்படையாக ஒன்றும் பேசவுமில்லை. ஆகவே இந்த வழியைத் தெரிந்துகொள்ளும் பெற்றோர் சட்டத்தின் வார்த்தைகளைத் தாங்களே வாசித்தறிந்து, பொறுப்போடு நடக்கவேண்டும். பள்ளியில் சேராத பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொண்டு, மற்றவர்களுக்கு இணையாக வரும்படி தனிப்பயிற்சி அளிக்கவும் அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு வழி செய்திருக்கிறது. பள்ளிக்குத் திரும்பும் கதவு திறந்தே இருக்கிறது என்பதைப் பலர் அறியார்.

தேர்வுகளுக்கும் வழியுண்டு. மத்திய அரசு 1989-இல் ஏற்படுத்திய தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், பள்ளிக்குச் செல்லாதவர்களும் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் எழுதித் தேற இடமளிக்கிறது. 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு நடக்கிறது. எல்லாப் பாடங்களையும் ஒரே நேரத்தில் எழுதவேண்டிய கட்டாயம் இல்லை. பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லுபடியாவதால், ஆயத்தமான பாடங்களை முன்னும் மற்றவற்றைப் பின்னுமாக எழுதலாம். நான் சொல்லும் குடும்பத்தின் மூத்த மகள் இந்த ஆண்டு இரண்டு பாடங்களை மட்டும் எழுதினாள். குழப்பம் மிகுந்த அந்த ஆண்டுக்கு அதுவே தன் அளவு என்று அவளே தீர்மானித்தாள்.

இனி நம் வேதபகுதிக்கு வருவோம். உபாகமம் ஆறாம் அதிகாரத்தில், கர்த்தருடைய கட்டளைகளைப் பிள்ளைகளுக்கு எப்போது போதிக்கவேண்டும் என்று மோசே இஸ்ரவேலருக்குச் சொல்லும்போது நான்கு வேளைகளைக் குறிப்பிடுகிறார். வீட்டில் அமர்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழும்பும்போது. அந்த நான்கு வேளைகளில் ஒன்றுக்கும் நிலையான வருமானம் நிபந்தனையாக வைக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். இதைக் கேட்டவர்கள் 40 ஆண்டுகள் வனாந்தரத்தில் அலைந்த தலைமுறை. சொந்த நிலமும் நிலைத்த வீடும் இன்னும் அவர்கள் கைக்கு வரவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கே இந்தப் பொறுப்பு ஒப்புவிக்கப்பட்டது. போதிப்பதற்கு முன்பாக அந்த வார்த்தைகள் பெற்றோரின் இருதயத்தில் இருக்கவேண்டும் என்ற வரிசையும் அங்கே உண்டு. பெற்றோருக்குள் இல்லாததைப் பிள்ளைகளுக்குள் வைக்க எந்தப் பாடத்திட்டத்தாலும் ஆகாது.

இதிலிருந்து ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். வேலை மாறும் ஆண்டில் ஒரு வீட்டின் பிள்ளைகள் கற்கும் முதன்மையான பாடம், அந்த மாறுதலைப் பெற்றோர் தேவனுக்கு முன்பாக எப்படிச் சுமக்கிறார்கள் என்பதே. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கும் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் இது பொருந்தும். வீட்டில் படிக்கும் பிள்ளையோ நாள் முழுவதும் பெற்றோரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதனிடம் ஒன்றையும் மறைக்க முடியாது.

அந்தத் தகப்பன் மறைக்கவில்லை. வேலை போன மறுநாள் காலை, குடும்ப ஜெபம் முடிந்தபின், மூவரையும் அமரவைத்து உள்ளதைச் சொன்னார். கடன் எவ்வளவு, கவலை எவ்வளவு என்று அடுக்கிப் பிள்ளைகளின் தோளில் பாரத்தை ஏற்றவில்லை. வேலை இல்லை, வேறு வேலை தேடுகிறேன், செலவைக் குறைக்கவேண்டும், தேவன் நம்மைக் கைவிடமாட்டார், இவ்வளவே அவர் சொன்னவை. அன்றைய கணிதப் பாடம் வீட்டுச் செலவுக் கணக்கானது. மூத்தவள் நோட்டுப் புத்தகத்தில் அரிசி, பால், மின்கட்டணம், வாடகை என்று எழுதி, எதைக் குறைக்கலாம் என்று கூட்டிக் கழித்தாள். மகனை ஜெபிக்கச் சொன்னபோது, “ஆண்டவரே, அப்பாவுக்கு வேலை கொடும், கிடைக்கும்வரைக்கும் அப்பாவுக்குக் கோபம் வராமல் பார்த்துக்கொள்ளும்” என்று ஜெபித்தானாம். அந்த இரண்டாவது விண்ணப்பம் தன்னை நொறுக்கியது என்று தகப்பன் என்னிடம் சொன்னார். மூன்று மாதங்களில் கோபம் வந்த நாள்களும் உண்டு. அந்த நாள்களில் பிள்ளைகளிடமே மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பைப் பற்றி அவர் ஐந்து ஆண்டுகள் கற்பித்ததைவிட அந்த மூன்று மாதங்களில் கற்பித்தது அதிகம் என்று நான் எண்ணுகிறேன்.

தொழிலும் இடமும் மாறிய குடும்பங்களை வேதமும் நமக்குக் காட்டுகிறது. கூடாரத் தொழிலாளரான ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும், கிலவுதியு பேரரசனின் கட்டளையால் ரோமாபுரியை விட்டு வெளியேறி கொரிந்துவுக்கு வந்தவர்கள் (அப்போஸ்தலர் 18). அங்கே பவுல் அவர்களோடு தங்கி அதே தொழிலைச் செய்தார். பின்பு எபேசுவில் அவர்கள் அப்பொல்லோவை அழைத்துச் சென்று தேவனுடைய மார்க்கத்தை அதிகத் தெளிவாக விளக்கினார்கள். பவுல் ரோமருக்கு எழுதும்போதோ அவர்கள் மறுபடியும் ரோமாபுரியில் இருக்கிறார்கள். எபேசுவிலும் ரோமாபுரியிலும் அவர்கள் வீட்டிலே சபை கூடியது. பிழைப்புக்காக ஊர் மாறினாலும் கற்பிக்கும் வீடாகவே அவர்கள் வீடு இருந்தது.

நம் ஆண்டவர் வளர்ந்த குடும்பமும் பெத்லகேமிலிருந்து எகிப்துக்கும், எகிப்திலிருந்து நாசரேத்துக்கும் சென்றது. ஒவ்வோர் இடத்திலும் யோசேப்பு தம் தச்சுத் தொழிலைப் புதிதாகத் தொடங்கியிருக்க வேண்டும். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளையைப் பற்றி லூக்கா எழுதும்போது, ஞானத்திலும் வளர்த்தியிலும் தேவகிருபையிலும் மனுஷர் தயவிலும் அவர் பெருகினார் என்ற பொருளில் எழுதுகிறார். அதற்குச் சற்று முன்னேதான், 12 வயதான இயேசு எருசலேம் தேவாலயத்தில் தங்கிவிட்ட சம்பவம் இருக்கிறது. மரியாளும் யோசேப்பும் அவரைத் தேடி அலைந்தார்கள். அவர் சொன்ன பதில் அவர்களுக்கு விளங்கவில்லை. அவரோ அவர்களோடு வீடு திரும்பி, அவர்களுக்குக் கீழ்ப்படிந்திருந்தார். வளரும் பிள்ளை பெற்றோருக்கு விளங்காத ஒரு கட்டத்தை அடைவது, பாவமில்லாத பிள்ளையின் வீட்டிலும் நடந்தது. விளங்காததை மரியாள் தம் இருதயத்தில் வைத்துக் காத்துக்கொண்டார். வளரும் பிள்ளைகளை உடைய பெற்றோருக்கு இது பெரிய ஆறுதல்.

அந்தக் குடும்பத்தின் மகனும் இந்த ஆண்டு அப்படியொரு கட்டத்துக்கு வந்தான். ஜூனில் பள்ளி திறக்கும் நேரத்தில், தானும் பள்ளிக்குப் போகவேண்டும் என்று கேட்டான். தகப்பன் வாரம் முழுவதும் வெளியூரில் இருக்கும் நாள்கள் அவை. சேர்ந்து விளையாட நண்பர்கள் வேண்டும் என்றான். தாய்க்கு அது வேதனை. ஐந்து ஆண்டு உழைப்பும் வீணாயிற்றோ என்று அழுதார். ஆனாலும் இருவரும் ஜெபித்து, அருகிலுள்ள அரசு உதவி பெறும் பள்ளியில் அவனை ஆறாம் வகுப்பில் சேர்த்தார்கள். இதைத் தோல்வி என்று சிலர் பேசினார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளமாட்டேன். பிள்ளையின் மனதைக் கேட்டறிந்து, தங்கள் திட்டத்தைத் தேவனுடைய கையில் கொடுத்துவிட்ட பெற்றோர் தோற்றவர்கள் அல்லர்.

இவ்விஷயத்தில் சூசன்னா வெஸ்லியின் வாழ்க்கை நமக்கு உதவும். இங்கிலாந்தின் எப்வர்த் என்னும் ஊரில் குருவாயிருந்த சாமுவேல் வெஸ்லியின் மனைவி அவர். 19 பிள்ளைகளைப் பெற்று, ஏறக்குறையப் பாதிப் பேரைச் சிறுவயதிலேயே அடக்கம் செய்தவர். மீந்தவர்களுக்கு வீட்டிலேயே நாளுக்கு ஆறு மணிநேரம் பாடம் நடத்தினார். 1705-இல் கணவர் கடனுக்காகச் சிறைப்பட்டார். 1709-இல் வீடு தீக்கிரையானது. ஐந்து வயதான ஜான் மேல்மாடிச் சன்னல் வழியாகக் காப்பாற்றப்பட்டான். பிள்ளைகள் பல வீடுகளில் பிரிந்து தங்க நேர்ந்தது, ஒழுங்குகள் குலைந்தன. மறுபடியும் ஒன்றுசேர்ந்தபோது சூசன்னா எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கினார். அதோடு வாரத்தின் ஒவ்வொரு மாலையையும் ஒவ்வொரு பிள்ளையோடு தனியே பேசுவதற்கு ஒதுக்கினார். ஜானுக்குரியது வியாழக்கிழமை. வளர்ந்து பெரியவனான பின்னும் ஜான் அந்த மாலைகளை ஏக்கத்தோடு நினைத்தார். அதே சூசன்னாவின் மகன் ஜான் 1714-இல் இலண்டனில் சார்ட்டர்ஹவுஸ் பள்ளிக்கும், சார்ல்ஸ் 1716-இல் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளிக்கும் அனுப்பப்பட்டார்கள். வீட்டில் கற்பித்த தாய், காலம் வந்தபோது பிள்ளைகளைப் பள்ளிக்கு விட்டுக்கொடுத்தார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அதே வீட்டில் அதே ஒழுங்கில் வளர்ந்த மகள் மெஹெதாபேலின் வாழ்க்கை கண்ணீரால் நிறைந்தது. மகிழ்ச்சியற்ற திருமணத்துக்குள் தள்ளப்பட்ட அவளோடு தகப்பன் மனம் ஒப்புரவாகவில்லை. ஆகவே நல்ல முறையில் வளர்த்தால் நல்ல விளைவு நிச்சயம் என்று ஒருவரும் பேசவேண்டாம். முறைகள் பிள்ளைகளை இரட்சிப்பதில்லை. வீட்டுவழிக் கல்வியே விசுவாசக் குடும்பத்துக்கு ஏற்ற ஒரே வழி என்று போதிப்பவர்களுக்கும், பள்ளிக்கு அனுப்பாதவர்கள் பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள் என்று பேசுகிறவர்களுக்கும் என் பதில் இதுவே.

பள்ளிக்கூடத்தை உலகத்தின் கண்ணியாகக் காண்பது தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நமக்குத் தகாது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு விரைவிலேயே பள்ளிகளைத் தொடங்கினார். பெண்பிள்ளைகளுக்கும் கல்வி கொடுத்தார். எழுத்து மறுக்கப்பட்டிருந்த எத்தனையோ குடும்பங்களுக்குத் திருநெல்வேலிச் சீமையிலும் பிற இடங்களிலும் மிஷன் பள்ளிகளே எழுத்தைக் கொடுத்தன. நம் பாட்டிமார் வேதத்தைத் தங்கள் கண்ணால் வாசித்தது அதனாலேயே. பள்ளியும் தேவனுடைய ஈவு, வீடும் தேவனுடைய ஈவு. எந்தப் பிள்ளைக்கு எந்தக் காலத்தில் எது தேவை என்று பகுத்தறியும் பொறுப்பு பெற்றோருக்கு உரியது.

வீட்டில் கற்பிக்கும் குடும்பங்களுக்குச் சொல்லவேண்டியவை சில உண்டு. கற்பிக்கும் பாரம் தாயின்மேல் மட்டும் விழுந்துவிடாதபடி பாருங்கள். நீதிமொழிகளின் முதல் அதிகாரம் தகப்பனின் புத்தியையும் தாயின் போதகத்தையும் சேர்த்தே பேசுகிறது. வெளியூரில் வேலை செய்த அந்தத் தகப்பன், ஒவ்வோர் இரவும் தொலைபேசியில் கடைக்குட்டிக்கு ஒரு வேதக் கதை சொல்லி உறங்கவைத்தார். அரைமணி நேரந்தான். ஆனாலும் அது அவருடைய பங்கு. பிள்ளைகளைச் சபையின் மற்றப் பிள்ளைகளிடமிருந்து பிரித்துவைக்காதிருங்கள். முடியாதபோது உதவி கேட்கத் தயங்காதிருங்கள்.

சபையாருக்குச் சொல்லவேண்டியவையும் உண்டு. ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும் பிள்ளையிடம் பெருக்கல் வாய்ப்பாடு கேட்டுச் சோதிக்கும் வழக்கத்தை விட்டுவிடுவோம். வேலை இழந்தவரைக் காணும்போதெல்லாம் “இன்னும் கிடைக்கவில்லையா?” என்று கேட்பதற்குப் பதிலாக, நமக்குத் தெரிந்த வேலைவாய்ப்பு ஒன்றைச் சொல்லுவோம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம் நடுவே இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு மாலை கணிதமோ அறிவியலோ கற்பித்தால், தேர்வு எழுதும் ஒரு பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய உதவி! தாய் வேலைக்குப் போகும் நேரத்தில் கடைக்குட்டியைத் தன் வீட்டில் அமரவைத்துத் தமிழ் வாசிக்கச் சொல்லிக்கொடுத்த ஒரு மூதாட்டியை அறிவேன். அவர் பிரசங்கம் செய்ததில்லை. அந்தக் குடும்பமோ, ஆண்டு முழுவதும் தாங்கள் கேட்ட பிரசங்கங்களில் அதுவே பெரியது என்கிறது.

வருகிற ஆண்டு இறுதி ஆராதனையில், பெற்றுக்கொண்டவர்கள் மட்டுமன்றி, இழந்தும் தாங்கப்பட்டவர்களும் சாட்சி சொல்ல இடமளிப்போம். நம் பிள்ளைகள் அதைக் கேட்கவேண்டும். ஆசீர்வாதம் என்றால் உயர்வு மட்டுமே என்று கேட்டு வளரும் பிள்ளை, தன் வாழ்வில் தாழ்வு வரும் நாளில் தேவன் தன்னைவிட்டு அகன்றுபோனார் என்று எண்ணும். தாழ்விலும் அவர் உடனிருந்தார் என்று தன் சபையார் வாயால் கேட்ட பிள்ளைக்கு, அந்த நாளில் பற்றிக்கொள்ள ஒன்று இருக்கும்.

இந்த வாரம் உங்கள் வீட்டில் ஒரு மாலையை ஒதுக்குங்கள். இந்த ஆண்டில் அப்பா அம்மாவிடம் நீ கண்டு கற்றது என்ன என்று உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள். பதில் கசப்பாயிருந்தாலும் பொறுமையோடு கேளுங்கள். பின்பு அவர்களோடு சேர்ந்து ஜெபியுங்கள்.

ஜெபம்: பரலோகத் தகப்பனே, எங்கள் வேலைகளும் ஊர்களும் மாறுகின்றன, எங்கள் பிள்ளைகள் எங்கள் கைக்குள் அடங்காதபடி வளருகிறார்கள். நீரோ மாறாதவர். வேலை தேடுகிறவர்களுக்கு வாசலைத் திறந்தருளும். சோர்ந்துபோன தாய்மாரையும் தூரத்தில் உழைக்கும் தகப்பன்மாரையும் திடப்படுத்தும். நாங்கள் உம்மை நம்பும் விதத்தைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் உம்மை நம்பக் கற்றுக்கொள்ள, எங்களுக்குக் கிருபை தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம். ஆமென்.